மழைக்குப் பின் போட்ட ஆறு லோடு

ஈத்தவிளை,
20.11.2024

ஞானதாசனுக்கு,

நான் உன்னைக் கருங்கல்லால் அடித்தேன் என்று சபையில் பேசிக்கொள்கிறார்கள். அம்மாவின் தென்னந்தோப்பை நீ எனக்குத் தராததால் அடித்தேன் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. தோப்பை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடித்தது கல்லால் அல்ல, நீ போட்ட ரோட்டால்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீ காரில் ஏறப் போனபோது என் கையில் இருந்தது, ஈத்தவிளை வளைவில் நான் விரல்களாலேயே பெயர்த்தெடுத்த தார்த்துண்டு. பதினைந்து சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் கனம். எடை ஒரு கிலோ முந்நூற்று எண்பது கிராம். போலீசில் உன் மகன் ஷாஜன் கொடுத்த புகாரில் கருங்கல் என்று எழுதியிருக்கிறான். அடித்ததை நான் மறுக்கப்போவதில்லை. எதனால் அடித்தேன் என்பதைச் சரியாக எழுதச் சொல்.

எழுபத்து நாலு வயதில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உன் மனைவி சொல்கிறாளாம். முப்பத்தோரு வருஷம் அரசு ஆய்வுக்கூடத்தில் ரோடுகளை அறுத்தும் உருக்கியும் எடைபோட்டும் பார்த்தவள் நான். உன் அத்தான் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றுவரை என் மருந்தை நானே எண்ணிச் சாப்பிடுகிறேன். பேதலித்தவள் ஒரு துண்டு ரோட்டை அளந்து, எடை போட்டு, அதன்பிறகு அடிக்க மாட்டாள்.

நான் உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ரோலர் டிரைவர் சுதனைப் பற்றி எழுதிக் கொடுத்ததை எப்போது திரும்ப வாங்கப் போகிறாய்?" நீ சிரித்தாய். "செத்தவ செத்தாச்சு அக்கா. அந்தப் பய ரெண்டு மாசம் கெடந்து எந்திரிப்பான். நீ போயி கஞ்சி குடி" என்றாய். ஆயர் நின்றுகொண்டிருந்தார். செத்துப்போன ஜினிஷாவின் அம்மா பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் அடித்தேன்.

ஜினிஷாவுக்கு இருபத்தாறு வயது. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி காலை எட்டேகாலுக்கு அவள் ஸ்கூட்டரில் அந்த வளைவில் பிரேக் போட்டாள். ஸ்கூட்டர் வழுக்கவில்லை. அதன் அடியில் இருந்த ரோடு வழுக்கியது. நீ பதினெட்டாம் தேதி போட்ட மேல்தார், பழைய ரோட்டிலிருந்து பாயை இழுத்ததுபோல நகர்ந்து சுருண்டது. எதிரே பஸ். அவளைக் கூட்டி எடுக்க இரண்டு சாக்கு வேண்டியிருந்தது. இதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் உன் ரோலர் டிரைவர் சுதனை ஜனங்கள் வண்டியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அவன் குடித்துவிட்டு ரோலர் ஓட்டியதால்தான் ரோடு பெயர்ந்தது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடப்பாரையின் மழுங்கின முனையால் இரண்டு கைகளையும் முறித்தார்கள். ரோலருக்குத் தீ வைத்தார்கள். அடித்தவர்களில் இரண்டு பேர் நம்மோடு நற்கருணை எடுக்கிறவர்கள். அதற்கு மறுநாள் நீ நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தாய்: "டிரைவர் உரிய நேரத்தில் உருட்டாததே காரணம், பழுது வளைவில் மட்டுமே." அந்த இரண்டு வரியின் பேரில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைதியாகக் கிடக்கிறான். அதே இரண்டு வரியின் பேரில் வளைவை மட்டும் ஒட்டுப் போட்டுவிட்டு, பள்ளிக்கூட இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கு. போனில் பேசாதே. போனில் பேசியதை நீ பேசவில்லை என்பாய்.

ராஜமணி

*

கருங்கல்,
23.11.2024

அக்காவுக்கு,

ரெஜிஸ்டர் தபால் கிட்டிச்சு. தபால்காரன் எனக்க மண்டைக்கட்டப் பாத்துட்டு "அக்காவுக்க லெட்டரா சார்?"ன்னு கேட்டுச் சிரிக்கான். நாடு முழுக்க என்னப் பாத்துச் சிரிக்க வச்சாச்சு. இப்ப உனக்குச் சமாதானமா?

நானும் போன் பண்ணியதா இல்ல. உன்ன மாதிரி ஆளுக ரெக்கார்டு பண்ணிருவாவ, போனுல ஒரு வார்த்த பேசாதயும்ன்னு எனக்க வக்கீல் கண்டிப்பா சொல்லியிருக்கார். அதனால எழுதியேன். கார் டிரைவர் கையில குடுத்து விடுதேன். படிச்சிட்டு அடுப்புல போடு.

எட்டுத் தையல். எலும்புல கீறல் இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. இன்னும் ஒரு இஞ்சு கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். நீ அளவு எழுதியிருக்கியே, நீளம் இவ்வளவு, கனம் இவ்வளவுன்னு. தம்பிக்க மண்டைய ஒடச்சத சாம்பிள் ரிப்போர்ட்டு மாதிரி எழுத உன்னால மட்டுந்தான் முடியும்.

நீ எப்பவும் இப்படித்தான். தொண்ணூத்தி நாலுல நான் எடுத்த மொதல் வேல ஓர்மையிருக்கா? ரெண்டு கிலோமீட்டர். துண்டு அறுத்து உனக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்துது. கூடப்பொறந்தவனுக்க வேலைன்னு தெரிஞ்சும் 'தகுதியற்றது'ன்னு ஒப்பு போட்டே. ரெண்டு வருசம் என்னக் கறுப்புப் பட்டியல்ல போட்டான். அப்பா அந்த வருசந்தான் நெஞ்சு வலிச்சுச் செத்தார். உனக்க கல்யாணத்துக்கு நான் பந்தல் கால் சுமந்தவன். ஒம்பது வயசுல எனக்க கையில நீ அடிச்ச ஸ்கேலுக்க தழும்பு இன்னும் இருக்கு. இப்ப நெத்தியிலயும் ஒண்ணு.

சுதன் விசயத்துல நான் எழுதினது எழுதினதுதான். கலவ ஆறின பொறவு உருட்டினான், ரோடு பெயந்துது. ஒனக்கு அவன் யாரு? எனக்க சோறு தின்னு வளந்தவன். அவனுக்க வக்கீலுக்கு நானே ஏற்பாடு பண்ணிக் குடுப்பேன், அதையும் வேண்டாங்கா அவனுக்க பெண்டாட்டி அஞ்சலி. திமிரு.

ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்தத் துண்ட எனக்க டிரைவர் கையில குடுத்துவிடு. மறுநாளே ஷாஜன் புகாரத் திரும்ப வாங்குவான். நீ கோர்ட்டு ஏற வேண்டாம். கிழடு ஆன காலத்துல ஜெயில் தரையில கெடக்க வேண்டாம். இல்லன்னா ஷாஜன என்னால பிடிச்சு வைக்க முடியாது. அவன் எனக்க பிள்ள, எனக்க ரத்தத்தக் கண்டவன்.

ஞானதாசன்

*

ஈத்தவிளை,
26.11.2024

ஞானதாசனுக்கு,

உன் டிரைவர் துண்டைக் கேட்டார். மோர் கொடுத்து அனுப்பினேன். துண்டு என் அலமாரியில் பூட்டில் இருக்கிறது. உன் ரத்தம் பட்ட பக்கத்தை நான் கழுவவில்லை.

முதலில் தொண்ணூற்று நாலு. உன் கலவையில் இருக்க வேண்டிய தாரில் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. தகுதியற்றது என்று எழுதினேன். அதே வாரத்தில் வேறு மூன்று பேருடைய ரோட்டுக்கும் அப்படியே எழுதினேன். அப்பா அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். கல்லறையில் தேதி இருக்கிறது. போய்ப் பார்.

இப்போது நீ எழுதியது: "கலவை ஆறின பிறகு உருட்டினான்." இதற்குப் பதில் சொல்கிறேன். பொறுமையாகப் படி, ஏனென்றால் நீ முப்பது வருஷமாக ரோடு போடுகிறாய், ஒரு நாளும் போட்ட ரோட்டைக் குனிந்து பார்த்ததில்லை.

ஆறின கலவையை உருட்டினால் அது இறுகாது. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிரும். நான் பெயர்த்த துண்டை, உன்னை அடிப்பதற்கு முந்தின நாள், சுடலையாண்டி கடைத் தராசில் எடை போட்டேன். பிறகு நூலில் கட்டி வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு முறை எடை போட்டேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "அம்மா என்ன, ரோட்டுக்குத் திருமுழுக்கு குடுக்கியளா?" என்று சுடலையாண்டி கேட்டார். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் இறுக்கம் தெரியும். குறைசொல்ல முடியாத இறுக்கம். நான் வேலையில் இருந்தபோது வந்திருந்தால் கேள்வி இல்லாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தராசை நீ நம்பமாட்டாய். உன் நெற்றியை நம்பு. சுதன் சரியாக உருட்டாமல் விட்டிருந்தால் அந்தத் துண்டு உன் மேல் பட்டதும் தூளாகியிருக்கும். உனக்கு எட்டுத் தையல். துண்டிலிருந்து ஒரு ஜல்லிகூட உதிரவில்லை. அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான் என்பதற்கு உன் மண்டை ஓட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

அப்படியானால் ரோடு ஏன் நகர்ந்தது? துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கழுவி வைத்த தட்டு மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒரு முந்திரி இலை முழுசாக ஒட்டியிருந்தது. பழைய ரோட்டின் மேல் எமல்ஷன், அதாவது ஒட்டுவதற்கான தார்க்கரைசல், தெளித்து, அது பிடித்த பிறகு கலவை போட்டிருந்தால் அடிப்பக்கம் கறுத்திருக்கும். பெயர்க்கும்போது பழைய ரோட்டையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். ஒட்டுப் போடும் முன் வளைவில் வெடிப்புகள் பிறை வடிவத்தில் இருந்தன, பஸ் பிரேக் பிடிக்கும் இடத்தில். உருட்டலில் வரும் வெடிப்பு மயிரிழை மாதிரி, குறுக்காக, மேலோடு நிற்கும். பிறை என்றால் ஒட்டு இல்லை என்று அர்த்தம்.

நீ எமல்ஷன் தெளிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தெளித்தாய். எதிர்வீட்டு ஓமனாவின் மூன்று வாத்துகள் சொல்கின்றன. தெளிக்கும்போது அது காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து போனபிறகுதான் கறுக்கும், கறுத்த பிறகுதான் ஒட்டும். பதினெட்டாம் தேதி அது கறுப்பதற்கு முன்னால் மழை வந்தது. மொத்தமும் ஓடையில் இறங்கியது. ஓமனாவின் வாத்துகள் ஓடையில் போய்க் கறுத்து வந்தன. இரண்டு அன்றைக்கே செத்தன. ஒன்று இன்னும் கறுப்பாக நடக்கிறது.

மழை நின்று, ரோடு காய்ந்து, மறுபடி தெளித்து, கறுக்கும்வரை நிற்க வேண்டும். நீ நிற்கவில்லை. இருபதாம் தேதி சபையில் அசன விருந்து. புது ரோட்டில் ஜனங்கள் சாப்பிட வருவார்கள் என்று நீ மைக்கில் சொல்லிவிட்டாய். ஐந்தாயிரம் பேருக்குச் சோறு வடிப்பதற்குள் ரோடு முடிய வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குக் காவலாக ஒரு போலீஸ்காரர். அஞ்சலி சுதனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் கட்டு, தாடை வீக்கம். "அம்மா, நான் ரோலர விட்டு எறங்கிட்டேன்" என்றான். "மொதலாளி, ரோட்டுல வெள்ளம் நிக்கி, இதுல போட்டா பிடிக்காது, லோட திருப்பி விடுங்கன்னேன். மொதலாளி செருப்பக் கழத்தி எனக்க மோந்தையில அடிச்சாரு. நாலு அடி. அதுக்குப் பொறவு ஏறி உருட்டினேன்." அஞ்சலி கரண்டியை வைத்துவிட்டு, "ஏறாம இருந்திருக்கலாம்லா" என்றாள். செருப்படியை ஓமனாவும் பார்த்திருக்கிறாள்.

சுதன் விஷயம் இது. இன்னொன்றும் இருக்கிறது. வளைவைத் தாண்டி, பள்ளிக்கூட இறக்கத்தில், நேற்று இரண்டு புதிய பிறைகளைப் பார்த்தேன். ஒன்று என் கை அகலம். அந்த இறக்கத்தில் காலையிலும் மாலையிலும் பள்ளி வேன் இறங்குகிறது, முப்பத்திரண்டு பிள்ளைகள். அந்த இடத்தில் நானும் ஓமனாவும் கற்களை வரிசையாக வைத்துச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். "பழுது வளைவில் மட்டுமே" என்று நீ எழுதியது பொய் என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமைக்குள் திரும்ப வாங்கு.

உன் பேரத்துக்குப் பதில்: முடியாது. ஜெயில் தரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கான்வென்ட் விடுதியில் ஆறு வருஷம் சிமென்ட் தரையில் படுத்திருக்கிறேன். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

ராஜமணி

*

கருங்கல்,
1.12.2024

அக்கா,

வெள்ளிக்கிழம நடந்தது எனக்குத் தெரியாது. எனக்க பிள்ளைக மேல சத்தியம். ஷாஜன் நாலு பேரக் கூட்டிட்டுப் போயி உனக்க கல்லையும் துணியையும் எடுத்து எறிஞ்சான், ஜன்னல ஒடச்சான், உனக்க வாசப்படியில தார ஊத்தினான்னு அவனே வந்து பெருமையா பறஞ்சான். அந்த ஓமனாவுக்க காலு வெந்துபோச்சுன்னும் சொன்னான். சிரிச்சிட்டே சொன்னான். நான் அவன அடிச்சேன். முப்பத்தஞ்சு வயசு ஆனவன. அவன் திருப்பி என்னத் தள்ளினான். தையல் ரெண்டு பிரிஞ்சு போச்சு.

நேத்து ஜினிஷாவுக்க அப்பன் வந்தான். கையில வெட்டுகத்தி. வீட்டுல எல்லாவரும் கதவப் பூட்டிட்டு உள்ள சாடிட்டாவ. நான் வாசல் நடையில இருந்தேன். காருக்க நாலு டயரையும் வெட்டினான். கண்ணாடிய வெட்டினான். பொறவு எனக்க முன்ன வந்து நின்னான். வெட்டுவான்னு நெனச்சுக் கழுத்தக் குனிச்சேன் அக்கா. அவன் கத்தியக் கீழ போட்டுட்டு நடையிலயே இருந்துட்டான். "அந்த டிரைவருக்க கைய ஒடிச்சதுல நானும் உண்டு மொதலாளி. அவன் குடிச்சிருந்தான்னு உங்க மகன்தான் சொன்னான். அது நெசந்தானா? நெசந்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போறேன்" அப்படின்னான். என்னால சொல்ல முடியல. அவன் அரைமணி நேரம் இருந்தான். போகும்போது கத்திய எடுக்காமப் போனான். இன்னும் நடையில கெடக்கு. யாரும் தொடமாட்டேங்காவ.

சுதன் குடிக்கவே மாட்டான். பன்னெண்டு வருசமா எனக்குத் தெரியும்.

ஆமா, மழ பெஞ்சுது. போதுமா? நீ எழுதினது முழுக்கச் சரிதான். எப்பவும் நீ சரிதான், அதுதான எனக்குப் பிடிக்காது. பிளாண்டுல இருந்து பொறப்பட்ட ஆறு லோடு ரோட்டோரம் நின்னுது. தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம், ஆனா சூடு எறங்கிட்டே போச்சு. திருப்பிவிட்டா அத்தனையும் பாறையாயிரும். அசனத்துக்கு ரெண்டு நாள். மழ விட்ட விட்ட நேரத்துல போடச் சொன்னேன். நான்தான் சொன்னேன். ஷாஜன் அன்னைக்குத் தேங்காய்ப்பட்டணத்துல இருந்தான். ரெண்டு லோட வளைவுல போட்டேன். மிச்ச நாலையும் எறக்கத்துல, முந்தின நாள் வண்டி போக விட்டு வச்சிருந்த இடங்கள்ல அங்கங்க போட்டேன். அந்தப் பயல செருப்பால அடிச்சதும் நெசம். அவன் சொன்னது சரின்னு அப்பவே எனக்குத் தெரியும். அதனாலதான் அடிச்சேன்.

ஆனா இத நான் ஆபீசுல எழுதிக் குடுக்க மாட்டேன். குடுத்தா எனக்க பேர்ல கொலக்கேசு வரும். அறுபத்தி நாலு வயசு. சுதனுக்கு முப்பது. அவன் வெளிய வந்து இன்னும் வாழலாம், எனக்கு அப்படியில்ல. நீ என்னத் தூக்கி வளத்தவ, ஒரு தடவ எனக்காக வாய மூடு. அந்தத் துண்ட கெணத்துல போடு. எறக்கத்துக்கு ஜனவரியில ஏதாவது சொல்லி மேல ஒரு ஒட்டு போட்டுருதேன். உனக்க ஜன்னலும் மாத்தித் தாறேன்.

படிச்சதும் எரிச்சிரு. மறந்துராத.

ஞானதாசன்

*

ஈத்தவிளை,
4.12.2024

ஞானதாசனுக்கு,

உன் கடிதம் ஞாயிறு மாலை வந்தது. படித்ததும் எரிக்கவில்லை. வந்த தேதியை மேலே எழுதினேன். திங்கட்கிழமை காலை நகல் எடுத்தேன். மூலத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். போனில் பேசினால் மாட்டிக்கொள்வாய் என்று பயந்து எழுதினாய். எழுதியது போனைவிட நன்றாகப் பேசுகிறது.

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "சொந்தத் தம்பியாம்மா?" என்றார். சொந்தம்தான் என்றேன். "இது அவர் கையெழுத்துதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான் என்றேன்.

அதே நேரத்தில் உன்னை அடித்ததற்கு என் வாக்குமூலத்தையும் எழுதிக் கொடுத்தேன். துண்டையும் ஒப்படைத்தேன். அது ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது. ஆயர் நேற்று வீட்டுக்கு வந்து, நான் அடித்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டார். தவறு என்று தெரியும், வருத்தம் இன்னும் வரவில்லை என்றேன். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நடந்ததை ஷாஜன் உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. அவர்கள் முதலில் ஜன்னலை உடைத்தார்கள். நான் வெளியே வந்து நின்றேன். ஒருவன் என் கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினான். தோளில் சதை கிழிந்திருக்கிறது என்கிறார் டாக்டர். "ஏ கிழவி, துண்டு எங்க?" என்று ஷாஜன் கேட்டான். சொந்த அத்தையை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் ஞானஸ்நானத்துக்கு நான் நின்றேன், நினைவிருக்கட்டும்" என்றேன். அவன் கொதிக்கும் தார் டப்பாவைச் சரித்தான். படியில் ஊற்றியதைத் தடுக்க ஓமனா ஓடி வந்தாள். அவள் வலது கால் பாதம் முழுவதும் வெந்தது. தோலோடு செருப்பு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள். அவள் கத்தினது எனக்கு இன்னும் கேட்கிறது. அவளுக்கு நம் ரோட்டிலும் பங்கு இல்லை, நம் சண்டையிலும் பங்கு இல்லை. இரண்டு வாத்து, ஒரு கால். உன் குடும்பம் அவளிடமிருந்து இதுவரை எடுத்தது இவ்வளவு. இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷாஜனை இன்று காலை கூட்டிப் போனார்கள். உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

என்னை நீ வாய் மூடச் சொன்னாய். தூக்கி வளர்த்தவள் என்றும் எழுதினாய். தூக்கி வளர்த்தேன். நீ விழுந்த இடத்தில் எல்லாம் தூக்கினேன். இன்னொருத்தியின் பிள்ளை மேல் விழுந்திருக்கிறாய். அங்கிருந்து உன்னை என்னால் தூக்க முடியாது. நீயாக எழுந்திரு.

சுதன் பேரில் உள்ள வழக்கை மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலருகே நின்ற காவல் நேற்று எடுக்கப்பட்டது. அவன் கை இனி ரோலர் பிடிக்காது. அது வேறு.

நான் இப்போது எழுதுவது இறக்கத்தைப் பற்றி.

நீ ஆறு லோடு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வளைவில். மிச்சம் நாலு. நீ போட்ட அகலத்துக்கும் கனத்துக்கும் ஒரு லோடு ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஓடும். அப்படியானால் நூற்றறுபது மீட்டர் ரோடு அந்த இறக்கத்தில் ஒட்டாமல் கிடக்கிறது. என் கண்ணில் பட்டது இரண்டு பிறைகள். இரண்டும் சேர்ந்து முப்பது மீட்டருக்குள். மற்றதை நான் கண்டுபிடிக்கவில்லை. நேற்று ஒரு கையால் சுத்தியல் வைத்துத் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே நடந்தேன். பஸ்காரர் ஹாரன் அடித்தார். "பாட்டி, சாகணும்னா வேற ரோடு பாருங்க" என்றார். இந்த ரோட்டிலும் சாகலாம் என்றேன். சில இடங்களில் சத்தம் மாறுகிறது. ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேலே பார்த்தால் நல்ல ரோடு, நல்ல உருட்டல், கறுப்பாக, வழவழப்பாக. வெடிப்பு தெரியும் நாளில் அடியில் அது ஏற்கெனவே நகர்ந்திருக்கும்.

மேலே ஒட்டுப் போடுகிறேன் என்று எழுதினாய். ஒட்டாத தோலின் மேல் இன்னொரு தோல் போட்டால் இரண்டும் சேர்ந்து நகரும், கூடுதல் எடையோடு. அந்த இடங்களைச் சுரண்டி எடுத்து, பழைய ரோட்டைப் பெருக்கி, காய்ந்த நாளில் எமல்ஷன் தெளித்து, கறுக்கும்வரை காத்து, அதன்பிறகு சூடான கலவை போட வேண்டும். வேறு வழி இல்லை. இருந்தால் நான் முப்பத்தோரு வருஷத்தில் கேள்விப்பட்டிருப்பேன்.

ரோட்டை முழுவதும் மூடச் சொல்லி நெடுஞ்சாலை அலுவலகத்தில் கேட்டேன். பஸ் போகிற ரோட்டை அப்படி மூட முடியாது, பழுதான இடத்தைக் காட்டுங்கள், அதைத் தடுத்து ஒருவழியாக விடுகிறோம் என்றார்கள். உன் கடிதத்தில் இடம் இல்லை. "அங்கங்க" என்று எழுதியிருக்கிறாய். அங்கங்கே என்று சொல்லி ஒரு தடுப்பும் வைக்க முடியாது.

வருகிற திங்கட்கிழமை, ஒன்பதாம் தேதி, பள்ளியில் அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. வேன் இரண்டு நடை கூடுதலாக இறங்கும். வானிலை அறிக்கையில் மழை என்கிறார்கள். வேன் ஓட்டுகிறவரிடம் நான் பேசினேன். "நான் மெதுவா போவேன் அம்மா" என்றார். ஜினிஷாவும் மெதுவாகத்தான் வந்தாள்.

இறக்கத்தில் இடதுபக்கம் பதினாலு மின்கம்பங்கள் இருக்கின்றன. மேலே தேநீர்க் கடைக்கு எதிரே உள்ளது ஒன்று, பள்ளிக்கூட வாசலில் உள்ளது பதினாலு. எல்லாவற்றிலும் நான் சுண்ணாம்பால் எண் போட்டிருக்கிறேன். அந்த நாலு லோடு எங்கே விழுந்தது என்பது உன் ஒருவனுக்குத்தான் தெரியும். சுதனிடம் கேட்டேன். செருப்படிக்குப் பிறகு எங்கே உருட்டினேன் என்பதே தலையில் இல்லை என்றான்.

இதை நீ எழுதினால் உன் வழக்கு இன்னும் கெடும். அது எனக்குத் தெரியும். உன் வக்கீல் எழுதாதே என்பார். அதுவும் தெரியும்.

மழைக்குப் பின் போட்ட நாலு லோடில் ஒவ்வொன்றும் எந்தக் கம்பத்தில் தொடங்கி எந்தக் கம்பத்தில் முடிந்தது, ரோட்டின் எந்தப் பக்கம் என்பதை உன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எனக்குப் பதில் அனுப்பு.

ராஜமணி